கூண்டுச் சண்டை பொதுச் சேனலுக்கு வந்தால்: எந்த நேரம், எந்த வழி?

ஒரு பொதுத் தொலைக்காட்சி, குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. கூண்டுச் சண்டைகளை வாங்கலாமா என்று யோசிக்கத் தொடங்கினால், முதலில் எழும் பேச்சு ரத்தத்தைப் பற்றியதாகவே இருக்கும். எவ்வளவு ரத்தம் திரையில் தெரியலாம், கேமராவை எப்போது திருப்ப வேண்டும், கூண்டின் தரையில் படிந்த கறையை இடைவேளையில் துடைக்கச் சொல்லலாமா என்று பேசுவார்கள். தேவையான கேள்விகள்தான், ஆனால் முதலில் கேட்க வேண்டியவை அல்ல. புருவத்துக்கு மேலே தோல் எலும்பை ஒட்டியிருக்கும். அங்கே ஒரு முழங்கை உரசினால் போதும், முகம் முழுக்க ரத்தம் வழியும். சில தையல்களில் அது ஆறிவிடும். தாடையில் சரியாக விழும் ஒரு குத்தோ ஒரு சொட்டு ரத்தமும் காட்டாமல் ஆளைச் சாய்த்துவிடும், அதில் அடிபடுவது மூளை. ரத்தத்தை வைத்து எழுதப்படும் ஒளிபரப்பு விதி முதலாவதை மறைத்துவிட்டு, இரண்டாவதை நான்கு கோணங்களில் மெதுவாக்கித் திரும்பத் திரும்பக் காட்ட இடம் கொடுத்துவிடுகிறது.

எனவே கீழே வரும் ஒவ்வொரு வழியையும் மூன்று கேள்விகளால் அளந்திருக்கிறோம். ஒருவர் மயங்கி விழுந்த பிறகு திரையில் எது ஓட வேண்டும் என்ற முடிவு சேனலின் கையில் இருக்கிறதா? அந்த நேரத்தில் திரைக்கு முன் யார் உட்கார்ந்திருப்பார்கள்? சண்டை நினைத்ததற்கு முன்பே முடிந்தாலோ இழுத்துக்கொண்டே போனாலோ என்ன செய்வது?

எந்த விளையாட்டு என்பதே முதல் முடிவு

1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வரில் எம்.எம்.ஏ. நிறுவனமான யூஎஃப்சியின் முதல் போட்டி நடந்தபோது எடைப் பிரிவு இல்லை, புள்ளி போடும் நடுவர்கள் இல்லை, தடைசெய்யப்பட்ட அடிகளும் மிகச் சில. 1996இல் செனட்டர் ஜான் மெக்கெய்ன் அமெரிக்காவின் 50 மாநில ஆளுநர்களுக்கும் கடிதம் எழுதினார். 1997இல் பெரிய கேபிள் நிறுவனங்கள் இந்த நிகழ்ச்சியைக் கைவிட்டன. அது கேபிளுக்குத் திரும்பியது 2001 செப்டம்பரில். இடையில் நடந்தது ஒளிபரப்புத் திருத்தம் அல்ல, விளையாட்டுத் திருத்தம். நியூ ஜெர்சி விளையாட்டு ஆணையம் 2000, 2001 ஆண்டுகளில் வகுத்த பொது விதிகள் எடைப் பிரிவுகளையும் ஐந்து நிமிடச் சுற்றுகளையும் நிலைநிறுத்தின. தலையால் முட்டுவது, பிடரியில் அடிப்பது, தரையில் கிடப்பவரின் தலையில் உதைப்பது எல்லாம் தடைசெய்யப்பட்டன. திரைக்கு வரும் வன்முறையைக் குறைத்ததில் எந்தத் தணிக்கை அறையையும் விட இந்த விதித்தாளுக்கே பங்கு அதிகம்.

ஆகவே மருத்துவரும் ஆம்புலன்ஸும் தயாராக நிற்காத, எந்த ஆணையத்தின் மேற்பார்வையும் இல்லாத போட்டியை எந்த நேரத்துக்கும் வாங்கக் கூடாது. தோற்று மயங்கியவரைச் சில வாரங்கள் கட்டாய ஓய்வில் வைக்கும் முறை இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். அந்த ஒரு பதிலே அமைப்பாளரின் தரத்தைச் சொல்லிவிடும்.

கன்னத்தில் அறையும் போட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் 2022இல் அதற்கு அனுமதி தந்தது, 2023 ஜனவரியில் டிபிஎஸ் சேனலில் அது தொடராகவே வந்தது. அனுமதி இருக்கிறது என்பதால் மட்டும் அதை மற்ற சண்டைகளோடு ஒரே வரிசையில் வைக்க முடியாது. குத்துச்சண்டையிலும் எம்.எம்.ஏ.விலும் தலையைக் காப்பது ஆட்டத்தின் பாதி. இங்கே அடி வாங்குபவர் முகத்தைத் திருப்பினாலே தவறு. தற்காப்பை விதியே தடுக்கும் ஒன்றை எந்த நேரத்தில் போட்டாலும் சரியாகாது என்பதே எங்கள் நிலை. இனி வரும் ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை.

காட்டாமலே விடுவது

பிரான்சில் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பு 2005இல் இவ்வகைச் சண்டைகளைத் தொலைக்காட்சியில் காட்டக் கூடாது என்றது. தரையில் கிடப்பவரை அடிப்பதுதான் அவர்களின் முக்கிய ஆட்சேபம். ஜெர்மனியில் பவேரிய ஊடக அமைப்பு 2010இல் யூஎஃப்சி நிகழ்ச்சிகளைத் திரையிலிருந்து இறக்கியது. 2014இல் மியூனிக் நிர்வாக நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. பிரான்சும் 2020இல் இந்த விளையாட்டைச் சட்டபூர்வமாக ஏற்றது, 2022 செப்டம்பரில் பாரிஸில் யூஎஃப்சி நடந்தது.

தடை இருந்த காலத்தில் ஆர்வலர்கள் பார்ப்பதை நிறுத்தவில்லை, இணையத்தில் பார்த்தார்கள். அங்கே எச்சரிக்கைப் பலகையும் இல்லை, இரவு நேரக் கட்டுப்பாடும் இல்லை. இருந்தாலும் ஒரு தனிப்பட்ட சேனல் “எங்களுக்கு வேண்டாம்” என்று சொல்வது கௌரவமான முடிவு. அரசு தடுப்பதும் சேனல் ஒதுங்குவதும் ஒன்றல்ல. குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்காக அறியப்பட்ட சேனலுக்கு இதுதான் சரியான வழி.

மாலை நேர நேரலை

பார்வையாளர் எண்ணிக்கை இங்கேதான் கிடைக்கும். 2008 மே 31 அன்று சிபிஎஸ், எலீட்எக்ஸ்சி நிறுவனத்தின் போட்டியை நியூவார்க்கிலிருந்து நேரலையாகக் காட்டியது. அமெரிக்காவின் பெரிய பொதுச் சேனல் ஒன்றில் முக்கிய நேரத்தில் எம்.எம்.ஏ. வந்தது அதுவே முதல் முறை. சராசரியாக 48 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த ஒரு இரவிலேயே இந்த வழியின் எல்லாச் சிக்கல்களும் வந்து நின்றன.

முக்கியச் சண்டையில் ஜேம்ஸ் தாம்சனின் காது வீங்கி உருண்டையாக இருந்தது. மல்யுத்தப் பிடிகளில் காது உரசி உரசி, குருத்தெலும்புக்கும் அதன் மேலுறைக்கும் நடுவே ரத்தம் தேங்குவதால் வரும் வீக்கம் அது. மூன்றாவது சுற்றில் கிம்போ ஸ்லைஸின் குத்தில் அது வெடித்தது. உயிருக்கு ஆபத்தான காயம் அல்ல. ஆனால் சேனலை எதிர்பாராமல் திருப்பிய ஒரு குடும்பம் அதைப் பார்க்கத் தயாராக இருந்திருக்காது. அதே இரவில் ஜினா கரானோவோடு மோதிய கெய்ட்லின் யங்கை இரண்டாம் சுற்றுக்குப் பிறகு மருத்துவர் நிறுத்தினார். இந்த விளையாட்டில் பாதுகாப்பு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல காட்சி கிடைக்காது. இன்னொரு சண்டை தற்செயலாகக் கண்ணில் விரல் பட்டதால் முடிவில்லாமல் நின்றது. காது நினைவில் நின்ற அளவுக்கு மருத்துவரின் முடிவு நிற்கவில்லை.

நேரத் திட்டம் அடுத்த சிக்கல். மூன்று சுற்றுச் சண்டைக்கு இடைவேளைகளோடு அதிகபட்சம் 17 நிமிடம், ஐந்து சுற்றுக்கு 29 நிமிடம். குறைந்தபட்சம் என்று ஒன்றும் கிடையாது. 2011 நவம்பர் 12 அன்று ஃபாக்ஸ் ஒரு மணி நேர நிகழ்ச்சியை ஒரே சண்டைக்காக ஒதுக்கியது. ஜூனியர் டோஸ் சான்டோஸ், கெய்ன் வெலாஸ்குவெஸை 64 விநாடியில் வீழ்த்தினார். சராசரியாக 57 லட்சம் பேர் பார்த்த அந்த மணி நேரத்தில் மீதி முழுவதும் பேச்சுதான். அன்றைய மிக நல்ல சண்டை என்று பலர் சொல்லும் ஹெண்டர்சன், குய்டா மோதல் அந்த ஒரு மணி நேரத்துக்குள் வரவேயில்லை. 2010 ஏப்ரலில் சிபிஎஸ் காட்டிய நாஷ்வில் போட்டியில் நேர்மாறு: மூன்று பட்டச் சண்டைகளும் ஐந்து சுற்று முழுக்கப் போயின, ஆக 87 நிமிடம் சண்டை மட்டுமே. கடைசியில் வெற்றியாளரின் பேட்டியின்போது கூண்டுக்குள் இரு தரப்பு ஆட்களும் அடித்துக்கொண்டார்கள், அது நேரலையில் போனது. கூண்டுக்குள் யார் யார் நுழையலாம் என்ற பட்டியலை ஒளிபரப்பாளரும் சேர்ந்து முடிவு செய்யாவிட்டால் இது மறுபடி நடக்கும்.

ஐந்து சுற்று ஒன்று, மூன்று சுற்று இரண்டு என்று வைத்தால் சண்டை நேரம் அதிகபட்சம் 63 நிமிடம். வீரர் நுழைவு, அறிமுகம், முடிவு அறிவிப்பு என ஒவ்வொரு சண்டைக்கும் ஏறக்குறைய 10 நிமிடம் சேர்த்தால் 93. விளம்பரத்தோடு இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கும். எல்லாம் சீக்கிரம் முடிந்தால் முக்கால் மணியில் தீர்ந்துவிடும். எனவே அன்று முன்னதாக நடந்த சண்டைகளில் குறைந்தது இரண்டையாவது பார்த்து, அனுமதித்து, தயாராக வைத்திருக்க வேண்டும். நிரப்பியாக நாக்-அவுட் தொகுப்பை ஓட்டுவதுதான் வழக்கம். அதுதான் மோசமான தேர்வு, காரணம் கீழே வரும்.

இரவு நேர நேரலை, சிறு தாமதத்தோடு

பிரிட்டனில் பொதுச் சேனல்களுக்கு இரவு 9 மணி என்பது தெளிவான எல்லை. அதிகாலை 5.30 வரை வயது வந்தோருக்கான உள்ளடக்கத்துக்கு இடம் உண்டு. அமெரிக்காவில் அப்படி இருக்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் எஃப்சிசியின் காலை 6 முதல் இரவு 10 வரையிலான கட்டுப்பாடு ஆபாசத்துக்கும் கெட்ட வார்த்தைக்கும்தான், வன்முறைக்கு அல்ல. 2007இல் எஃப்சிசி தொலைக்காட்சி வன்முறை பற்றி நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தது, சட்டம் எதுவும் வரவில்லை. தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருக்கும் வி-சிப் குழந்தைகளைக் காக்கும் என்று நம்புவதும் தவறு. அந்தச் சில்லு நிகழ்ச்சியின் வயதுக் குறியீட்டைப் படித்துத்தான் தடுக்கும், விளையாட்டுக்கும் செய்திக்கும் அமெரிக்க முறையில் குறியீடு தேவையில்லை. எனவே அங்கே நேர எல்லை என்பது சேனல் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் கோடு. அந்தக் கோட்டையும் நேர மண்டலம் அழித்துவிடும்: கிழக்குக் கரையில் இரவு 10 மணிக்குத் தொடங்கும் நேரலை மேற்குக் கரையில் மாலை 7 மணி. மேற்கில் மூன்று மணி நேரம் தள்ளிப் போட்டால் முடிவு அதற்குள் எல்லோருடைய கைப்பேசியிலும் வந்திருக்கும். குழந்தைகளா, பரபரப்பா என்று கேட்டால் தள்ளிப் போடுவதையே சொல்வோம்.

நேரலையைச் சில விநாடி பிந்தி அனுப்பும் தாமதக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். ஐந்து முதல் பத்து விநாடி தாமதம் வைத்தால், ஒலிக்கு ஒரு பொத்தான், படத்துக்கு ஒரு பொத்தான் என்று இரண்டையும் பிரித்து வையுங்கள். அமெரிக்கச் சேனலுக்குச் சட்ட ஆபத்து தருவது அடியை விட மூலையில் பயிற்சியாளர் கத்தும் வார்த்தை. ஒளிபரப்பில் ஆபாசத்தையும் கெட்ட வார்த்தையையும் தடுக்கும் 2006 சட்டத்துக்குப் பிறகு ஒரு மீறலுக்கான அபராத உச்சவரம்பு 32,500 டாலரிலிருந்து 3,25,000 டாலராக, பத்து மடங்காக உயர்ந்தது. ஆகவே சுற்று இடைவேளையின் ஒரு நிமிடத்தில் ஒலிப் பொத்தானில் ஒருவர் கை எடுக்காமல் உட்கார வேண்டும்.

வருணனை, அரங்க ஒலி, மூலை மைக் மூன்றும் தனித்தனித் தடங்களாக வந்தால் மூலை மைக்கை மட்டும் அடைத்துவிடலாம், வருணனை தொடரும். எல்லாம் கலந்து ஒரே தடமாக வந்தால் ஒரு வார்த்தைக்காக மொத்த ஒலியும் சாகும். இன்னொரு தவறு: ஒரு முறை வெட்டியதும் சேமித்து வைத்த விநாடிகள் செலவாகிவிடும். கருவி மெதுவாக அவற்றைத் திரும்பச் சேர்ப்பதற்குள் அடுத்த சம்பவம் வந்தால் பாதுகாப்பு இருக்காது. இரண்டாவது கருவியைத் தொடராக இணைப்பது அதற்காகத்தான்.

படத்தை வெட்டினால் எதைக் காட்டுவது? அமைப்பாளர் எல்லாச் சேனல்களுக்கும் ஒன்றாக அனுப்பும் உலக ஒளிபரப்பை மட்டும் நம்பினால் கையில் வேறு படம் இருக்காது, கறுப்புத் திரையோ விளம்பரமோதான். அரங்கத்தின் உயரத்திலிருந்து முழுக் கூண்டும் தெரியும் ஒரு கேமராவின் தனி இணைப்பைக் கேட்டு வாங்குங்கள். ஒருவர் அசையாமல் கிடக்கும் நிமிடங்களில் காட்டத் தகுந்த ஒரே படம் அது.

ரீப்ளே

வழிகளுக்குள் எதைத் தேர்ந்தாலும் இதற்கு எழுதப்பட்ட விதி வேண்டும். 1962 மார்ச் 24 அன்று மாடிசன் ஸ்கொயர் கார்டனில் எமில் கிரிஃபித்தின் தொடர் குத்துகளில் பென்னி பாரெட் சாய்ந்ததை ஏபிசி நேரலையில் காட்டியது. அப்போது புதிதாக இருந்த மெதுவோட்ட மறுகாட்சியில் அந்தக் குத்துகள் திரும்ப ஓடின. பத்து நாள் கழித்துப் பாரெட் இறந்தார். 1964இல் ஏபிசி தன் வாராந்தரக் குத்துச்சண்டையை நிறுத்தியது. 1982 நவம்பரில் சிபிஎஸ் நேரலையில் ரே மான்சினியோடு மோதிய கொரிய வீரர் டுக் கூ கிம் சில நாளில் இறந்தபோது, உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் பட்டச் சண்டைகளை 15 சுற்றிலிருந்து 12ஆகக் குறைத்தது. இரண்டு இரவிலும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தாங்கள் ஒரு மரணத்தின் தொடக்கத்தைப் பார்க்கிறோம் என்று தெரியாது. இயக்குநருக்கும் தெரியாது. ரீப்ளே விதி அந்தத் தெரியாமையை மனதில் வைத்துத்தான் எழுதப்பட வேண்டும்.

நாங்கள் பரிந்துரைப்பது இது. விழுந்தவர் எழுந்து உட்காரும் வரை, அல்லது மருத்துவர் தகவல் தரும் வரை, ஒரு ரீப்ளேயும் கிடையாது. அதன் பிறகும் முடிவைப் புரிய வைக்க ஒரு கோணம், வழக்கமான வேகத்தில் ஒரு முறை. நடுவர் தடுத்த பிறகு விழுந்த அடிகள் அதில் வரக் கூடாது. எலும்பு முறிவு என்றால் ரீப்ளேயே இல்லை. 2013 டிசம்பரில் ஆண்டர்சன் சில்வாவின் கால் முறிந்தது போன்ற தருணத்தில் ஒரு முறை கண்டதே நேயருக்குப் போதும். விழுந்த உடனே விளம்பரத்துக்கும் போகக் கூடாது. மூன்று நிமிடம் கழித்து வந்து வெற்றியாளரைப் பேட்டி எடுத்தால், மற்றவர் என்ன ஆனார் என்ற கேள்வி வீடுகளில் அப்படியே நிற்கும்.

பதிவு செய்து தொகுத்துப் போடுவது

கேட்பதற்கு மிகப் பாதுகாப்பான வழி. எல்லாவற்றையும் முன்கூட்டிப் பார்க்கலாம், நேரமும் கச்சிதம். ஆனால் தொகுப்பறையில் நடப்பதைக் கவனியுங்கள். 15 நிமிடச் சண்டையில் பெரும்பகுதி தூரம் அளப்பது, பிடித்து நிற்பது, தரையில் நிலை மாற்றுவது. அரை மணி நிகழ்ச்சிக்காக அதையெல்லாம் வெட்டி எறிந்தால் மிஞ்சுவது அடிகள் மட்டுமே. ரத்தம் தெரியும் காட்சிகளைக் கவனமாக நீக்கியிருப்பார்கள், நடுவர் குறுக்கே பாய்வதையும் மருத்துவர் கண்ணில் விளக்கடிப்பதையும் “மெதுவாக இருக்கிறது” என்று சேர்த்தே நீக்கியிருப்பார்கள். நேரலையை விட வன்முறை அடர்ந்த ஒன்று, அனுமதிச் சீட்டோடு பகலில் ஓடும்.

இந்த வழியை எடுத்தால் சண்டைக்குள் கத்தரி வைக்காதீர்கள். நுழைவையும் அறிமுகத்தையும் குறையுங்கள், தேவைப்பட்டால் ஒரு சண்டையை முழுதாக விடுங்கள். எடுத்த சண்டையை முதல் மணியிலிருந்து முடிவு அறிவிப்பு வரை முழுதாகக் காட்டுங்கள். 2005இல் ஸ்பைக் சேனலில் தி அல்டிமேட் ஃபைட்டர் தொடர் இந்த விளையாட்டுக்குப் புது நேயர்களைக் கொண்டுவந்தது. பயிற்சி, எடைக் குறைப்பு, தோல்வியின் துயரம் என்று வீரர்களை மனிதர்களாகக் காட்டிவிட்டுத்தான் அது சண்டைக்குப் போனது. தொகுப்பில் இடம் மிச்சமிருந்தால் அதற்குச் செலவிடுங்கள்.

கட்டணச் சேனலும் செயலியும்

குழந்தை தற்செயலாகப் பார்க்கும் ஆபத்து இங்கே மிகக் குறைவு. தேடி, பணம் கட்டி, ரகசிய எண் போட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஆனால் அந்தக் கதவு நிகழ்ச்சிக்கு மட்டுமே. அதை விற்பதற்காக வெளியிடும் பத்து விநாடி நாக்-அவுட் துண்டுகளுக்குக் கதவே இல்லை, அவை எல்லோருடைய கைக்கும் போகின்றன. பிரதான சேனலில் மாலைக் குடும்பத் தொடரின் இடைவேளையில் ஓடும் முன்னோட்டமும் அப்படித்தான். சண்டை எந்த நேர எல்லைக்கு உட்பட்டதோ, அதன் முன்னோட்டமும் அதற்கே உட்பட்டது என்று எழுதி வைக்க வேண்டும். அதற்கு முன் போட வேண்டுமானால் முகத்துக்கு முகம் நிற்கும் காட்சியும் பயிற்சியும் போதும்.

கட்டண வழி நிரந்தரம் என்றும் நினைக்க முடியாது. 2025 ஆகஸ்டில் சிபிஎஸ்ஸின் உரிமையாளரான பாரமவுண்ட் 2026 முதல் ஏழு ஆண்டுகளுக்கு 770 கோடி டாலருக்கு யூஎஃப்சி உரிமையை வாங்கியது. போட்டிக்குப் போட்டி தனிக் கட்டணம் என்ற முறையை எடுத்துவிட்டு, சில போட்டிகளைச் சிபிஎஸ்ஸிலும் காட்டுவதாக அறிவித்தது. 2008இல் சிபிஎஸ் முன்னால் நின்ற கேள்விகளே மீண்டும் மேசைக்கு வருகின்றன.

எதை எடுப்பது

பொதுச் சேனலுக்கு எங்கள் தேர்வு இரவு நேர நேரலை, ஏழு விநாடி தாமதம், மேலே சொன்ன ரீப்ளே விதி. மாலை நேரத்தை முதல் ஆண்டில் தொடவே வேண்டாம். முன்னெச்சரிக்கை அட்டையைத் தொடக்கத்தில் மட்டும் போட்டால் பாதியில் வருபவர்கள் தவறவிடுவார்கள், ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்குப் பிறகும் ஐந்து விநாடி போடுங்கள். செயலி வைத்திருக்கும் நிறுவனம் முன்சண்டைகளை அங்கே போடலாம், நாக்-அவுட் துண்டுகளை அங்கேயும் வயதுக் கதவுக்குள்ளேயே வைக்க வேண்டும்.

இது நடக்க வேண்டுமானால் ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: தனித்தனி ஒலித் தடங்கள், அகலக் காட்சிக் கேமராவின் தனி இணைப்பு, உலக ஒளிபரப்பில் வரும் ரீப்ளேயைக் காட்டாமல் விடும் உரிமை. மூன்றாவதுக்குத்தான் அமைப்பாளர்கள் தயங்குவார்கள், அவர்களின் விளம்பரதாரர் சின்னம் ரீப்ளேயின் முன்னும் பின்னும் வருவதால். அந்தச் சின்னத்தை வேறு இடத்தில் காட்டித் தருவதாகச் சொல்லிப் பேசிப் பாருங்கள். அதற்கும் இணங்காவிட்டால் நேரலையை விட்டுவிட்டு, மறுநாள் இரவு முழுச் சண்டைகளாகக் காட்டும் உரிமையை மட்டும் வாங்குங்கள். விலையும் குறைவாக இருக்கும், விழுந்தவர் வீடு திரும்பினாரா என்று தெரிந்துகொண்டே ஒளிபரப்பவும் முடியும்.